பாதி டாங்கிக்குக் கீழே

குழாய் ஒரு முழ நீளம்தான் இருக்கும். உள்ளே ஓடுவது வெளியே தெரியும் பிளாஸ்டிக் குழாய். அதன் ஒரு முனையை டீசல் டாங்கியிலிருந்து வரும் பைப்பிலும், மறுமுனையை எஞ்சினின் பக்கவாட்டில் இருந்த சிறு பம்பிலும் மாட்டிவிட்டு, அண்ணன் நிமிர்ந்து முதுகை நீவிக்கொண்டான்.

அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டு நாங்கள் மூவர் நின்றோம்: அண்ணன், லாரியின் சொந்தக்காரரான ரஹீம் பாய், நான். பிற்பகல் வெயில். எளாவூர் சோதனைச் சாவடிக்குத் தெற்கே, கொல்கத்தா நெடுஞ்சாலையின் ஓரமாக லாரி நின்றிருந்தது. பின்புறம் அடுக்கியிருந்த காலி மீன் பெட்டிகளிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டியது. தாரில் விழுந்த உடனே காய்ந்தது. இறால் வாடையும் டீசல் வாடையும் கலந்து நெஞ்சில் ஏறின.

"பாய், டாங்கியில குச்சி உட்டுப் பாத்தீங்களா? எவ்ளோ கீது?" என்று அண்ணன் கேட்டான்.

"பாத்தாச்சு குமாரு. பாதிக்குக் கொஞ்சம் கம்மி. இவ்ளோ டீசல வெச்சிக்கினு நடுரோட்டுல நிக்கிறேன். வெளிய சொன்னா சிரிப்பானுங்க."

"சிரிக்கட்டும். நீங்க குழாயப் பாருங்க."

அண்ணன் பம்பின் மேலிருந்த குமிழைக் கட்டைவிரலால் அமுக்கத் தொடங்கினான். அந்தக் குழாயில் தெரியப்போவதைப் பொறுத்து, ஒரு மனிதர் திருடரா இல்லையா என்பது முடிவாக இருந்தது. அவர் அப்போது அங்கே இல்லை. அவர் இல்லாமல் போனதில் என் கையெழுத்துக்கும் பங்கு உண்டு.

ஜன்னலுக்கு இந்தப் பக்கம்

கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்கு ரயிலில் கல்லூரி போய்வந்த நாட்களைப் பற்றி இந்தத் தொடரின் முந்தைய வாரங்களில் எழுதியிருக்கிறேன். பிற்பகல்களைப் பற்றி எழுதவில்லை. அவை அண்ணனின் பட்டறையில் கழிந்தன.

தொழிற்பேட்டைக்குத் திரும்பும் முனையில் தகரக் கூரை போட்ட பட்டறை அது. டீசல் வண்டிகளின் பம்பையும் நாசிலையும் மட்டுமே பார்ப்பார்கள். டீசலை அளந்து, அழுத்தி, உரிய கணத்தில் எஞ்சினுக்கு அனுப்புவது பம்பு. அதைப் பனிபோலத் தூவுவது நாசில். தூசு புகாத ஒரு தனி அறையில், பம்பைப் பூட்டி ஓட்டிப் பார்க்கும் இயந்திரம் ஒன்று இருந்தது. அது ஓடும்போது ஒரே சுருதியில் ரீங்காரம் எழும். அந்த அறைக்குள் அண்ணனைத் தவிர யாரும் போகக் கூடாது.

ஓட்டுநர்களுக்கு முன்புறத்தில் ஒரு ஜன்னல். அதற்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்து, அவர்கள் சொல்லும் புகாரை அட்டையில் எழுதுவேன். எம்.ஏ. இலக்கியம் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். மடியில் பாடப்புத்தகம், மேசையில் புகார் அட்டை. இரண்டிலும் டீசல் மணக்கும். ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்கள் சில சமயம் மூக்கைச் சுளித்து ஜன்னல் பக்கம் நகர்ந்துகொள்வார்கள்.

அந்த ஜன்னல் வந்ததற்குக் காரணம் உண்டு. பட்டறை தொடங்கிய புதிதில் அண்ணன் ஓட்டுநர்களிடம் நேரடியாகவே பேசினான். அவர்களில் பலர் வண்டி என்ன செய்கிறது என்று சொல்லமாட்டார்கள். வண்டிக்கு என்ன வந்திருக்கிறது என்று தீர்ப்புச் சொல்வார்கள். "பம்பு பூட்ச்சி குமாரு." "நாசில் நாலும் அவுட்டு." அதை நம்பி அரை நாள் பம்பைப் பிரித்தால் உள்ளே எல்லாம் ஒழுங்காக இருக்கும். அடைத்துப்போன ஃபில்டரை மாற்றினால் தீர்ந்திருக்கும் தொல்லை. சில முறை அப்படி ஏமாந்தபின் அண்ணன் ஒரு விதி செய்தான். ஓட்டுநர் ஜன்னலில்தான் பேச வேண்டும். அவர் பேச்சிலிருந்து அபிப்பிராயத்தைக் கழித்துவிட்டு, வண்டி செய்வதை மட்டும் நான் எழுத வேண்டும். அண்ணன் அட்டையைப் படிப்பான். ஆளைக் கேட்கமாட்டான்.

"நீ படிக்கிற படிப்புக்கு ஏத்த வேல, புலவரே. அவங்க ஒரு மணி நேரம் பேசுறத எனக்கு ஒரு வரியில குடு," என்பான்.

அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. அதிகம் பேசாமல் ஒரு நாளைக் கடத்துவதற்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. மேலும் சுருக்கி எழுதுவதில் எனக்குக் கல்லூரியில் நல்ல பெயர். நான்கு பக்கக் கட்டுரையைப் பத்து வரியில் அடக்கி, ஒரு கருத்தும் விடுபடவில்லை என்று ஆசிரியரிடம் பாராட்டு வாங்கியவள்.

புகைக்கு மூன்று நிறம்

அட்டை எழுதியே நான் கற்றவை சில உண்டு. யாரும் உட்கார்த்திச் சொல்லித்தரவில்லை. நான் எழுதிய வரிக்குக் கீழே, வேலை முடிந்ததும் அண்ணன் காரணத்தை எழுதுவான். மேல் வரியையும் கீழ் வரியையும் பல மாதம் சேர்த்துப் படித்ததில் வந்த அறிவு அது.

கரும்புகை என்றால் டீசல் அதிகம், காற்றுக் குறைவு. அல்லது நாசில் தூவாமல் சொட்டுகிறது. வெண்புகை என்றால் டீசல் எரியாமலே வெளியே வருகிறது. பம்பின் நேரம் தப்பியிருக்கலாம், தண்ணீர் கலந்திருக்கலாம். நீலப்புகை என்றால் எரிவது எஞ்சின் ஆயில்; அது எங்கள் பட்டறையின் வேலையே அல்ல. மழைக்காலத்தில் தண்ணீர்ப் புகார் கூடும். அப்போது அண்ணன் டாங்கியின் அடியிலிருந்து கொஞ்சம் டீசலை ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்து என் மேசையில் வைத்துவிட்டுப் போவான். அரை மணி நேரத்தில் தண்ணீர் அடியில் தனியாக இறங்கி நிற்கும்.

எஞ்சின் ஒரு காலை நொண்டுவது போல ஓடினால், எந்த நாசில் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிக்க ஒரு முறை உண்டு. எஞ்சின் ஓடும்போதே ஒவ்வொரு நாசிலுக்கும் போகும் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார்கள். நல்ல நாசிலைத் தளர்த்தினால் எஞ்சின் தள்ளாடும். எதைத் தளர்த்தியும் சத்தத்தில் மாற்றமில்லையோ அதுதான் வேலை செய்யாதது. ஒரு மாணவியை வெளியே அனுப்பியும் வகுப்பின் இரைச்சல் குறையவில்லை என்றால் அவள் முன்பே பேசாதவள் என்று பொருள். எங்கள் வகுப்பில் அந்த மாணவி நான்.

காற்றுப் புகார் இவற்றில் தனி வகை. டீசல் வரும் வழியில் எங்காவது ஒரு சிறு துளை இருந்தால் போதும். டீசல் வெளியே ஒழுகாது. வெளியிலிருந்து காற்று உள்ளே போகும். பம்பு காற்றை இழுக்கும், எஞ்சின் மூச்சடைத்து நிற்கும். ஒழுகினால் ஈரம் காட்டிக்கொடுக்கும். காற்றுக்குத் தடயம் இல்லை.

முனி பிடித்த வண்டி

தனபால் அண்ணன் எங்கள் ஜன்னலுக்கு வந்தது இப்படியொரு காற்றுப் புகாரோடுதான். எளாவூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரர். பழவேற்காட்டில் பரம்பரையாக மீன் வியாபாரம் செய்யும் ரஹீம் பாயின் லாரியைப் பல ஆண்டுகளாக ஓட்டிவந்தார். ஐஸில் வைத்த இறாலை ஏற்றிக்கொண்டு ஆந்திரத்தில் ஒரு தொழிற்சாலைக்குப் போவார். காலிப் பெட்டிகளோடு திரும்புவார். பெட்டி திரும்பாவிட்டால் மறுநாள் கரைக்கு வரும் இறாலை வைக்க இடமில்லை.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் பேசியது இன்றைக்கும் எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. எழுதாமல் விட்டது என்பதால் இருக்கலாம்.

"எழுதிக்க தங்கச்சி. பாதி டாங்கி வரிக்கும் ராஜா மாதிரி ஓடுது. பாதிக்குக் கீழ போனா செத்துடுது. அதுவும் எங்கன்ற? எளாவூரு தாண்டி ஒரு கொட்டாய் கீதே, அங்கயேதான். பம்ப அமுக்கி அமுக்கி ஏரு எடுக்கிறேன், காத்து நுரையா வருது, நிக்கவே மாட்டன்னுது. அப்பாலிக்கா பாயிக்கு போன் போட்டுக் கேட்டு, கேன்ல டீசல் வாங்கியாந்து ஊத்துனா கெளம்பிக்கிது. அந்த எடத்துல முனி கீதுன்றாங்க. ஒருத்தன் அடிபட்டு செத்தானாம், அவன்தான் வண்டிய மறிக்கிறானாம். சக்கரத்துக்குச் சக்கரம் எலுமிச்சம்பழம் வெச்சி ஏத்திட்டேன். தேங்கா சுத்தி ஒடச்சிட்டேன். இன்னமும் நிக்குது. ஒரே பேஜாரா கீது தங்கச்சி."

நான் எழுதியது இது: "ஓட்டத்தின்போது எஞ்சின் திடீரென நின்றுவிடுகிறது. டீசலில் காற்றுக் கலக்கிறது."

எழுதி முடித்ததும் எனக்கு நிறைவாகவே இருந்தது. எலுமிச்சம்பழத்தையும், தேங்காயையும், முனியையும், ஒரே இடத்தில் நிற்கிறது என்பதையும், பாதி டாங்கியையும் ஒரே கூடையில் அள்ளி ஒதுக்கிவிட்டேன். எல்லாம் ஒரே மூச்சில், ஒரே குரலில் சொல்லப்பட்டவை. எனக்கு எல்லாம் ஒரே வகையாகத் தெரிந்தன.

அண்ணன் அட்டையைப் படித்தான். காற்று எங்கிருந்து வருகிறது என்று தேடினான். டாங்கிக்கு வெளியே இருந்த ஒவ்வொரு இணைப்பையும் கழற்றி வாஷர் மாற்றினான். ஃபில்டரை மாற்றினான். பம்பை உள்ளே கொண்டுபோய் ஓட்டிப் பார்த்தான். எல்லாம் சரி. வண்டியைப் பட்டறை முற்றத்தில் ஒரு மணி நேரம் ஓடவிட்டான். ஒரு குமிழிகூட இல்லை. இருக்கவும் முடியாது. பட்டறை வரைக்கும் வண்டி வந்து சேர வேண்டும் என்று தனபால் அண்ணன் டாங்கியை நிரப்பிக்கொண்டுதான் வந்திருந்தார்.

பத்து நாளில் மறுபடியும் வந்தார். நான் பழைய அட்டையை எடுத்து "மீண்டும் அதே புகார்" என்று எழுதினேன். அண்ணன் மறுபடியும் தேடினான். மறுபடியும் ஒன்றுமில்லை.

அன்று மாலை ரஹீம் பாய் போன் செய்தார். நான் எடுத்து அண்ணனிடம் கொடுத்தேன். அண்ணன் சொன்னது ஒரே வாக்கியம்.

"வண்டியில ஒண்ணும் இல்ல பாய்."

தான் பார்த்ததை மட்டும் சொன்னான். அதில் பொய் இல்லை.

டீக்கடையில் சொன்ன சொல்

ரஹீம் பாயின் இடத்திலிருந்தும் இதைப் பார்க்க வேண்டும். வண்டி எப்போதும் ஒரே இடத்தில் நிற்கிறது. அந்த இடத்தில் ஒரு கொட்டகை. ஓட்டுநர்கள் டாங்கியிலிருந்து திருட்டுத்தனமாக உறிஞ்சி எடுக்கும் டீசலை அந்தக் கொட்டகைக்காரர்கள் வாங்கிக்கொள்வார்கள் என்பது நெடுஞ்சாலையில் எல்லாருக்கும் தெரியும். டாங்கியில் பாதி டீசல் இருக்கும்போதே, இன்னும் டீசல் ஊற்றினால்தான் வண்டி கிளம்பும் என்று ஓட்டுநர் சொல்கிறார். கடைசியில் பட்டறைக்காரனும் வண்டியில் பழுதில்லை என்கிறான். யார்தான் என்ன நினைப்பார்கள்?

வேறொரு லாரி ஓட்டுநர் நாசில் மாற்ற வந்தபோது, அதற்குப் பிறகு நடந்ததை ஜன்னலில் சொன்னார். சோதனைச் சாவடிக்குப் பக்கத்து டீக்கடையில், காலை நாஷ்டா வேளையில், பத்துப் பதினைந்து ஓட்டுநர்கள் முன்னால் ரஹீம் பாய் கேட்டாராம்: "ஏன் தனபாலு, வண்டிக்கு இன்னா கண்ணா கீது, அந்தக் கொட்டாயப் பாத்தா மட்டும் நிக்க?" சிலர் சிரித்துவிட்டார்களாம். தனபால் அண்ணன் சாவியை மேசையில் வைத்துவிட்டு நடந்தாராம்.

"இனிமே இந்த ரோட்டுல அவருக்கு யாரும் வண்டி குடுக்க மாட்டாங்கம்மா. டீசல் திருடன்னு பேரு வந்திடுச்சின்னா அவ்ளோதான்," என்று அந்த ஓட்டுநர் சொல்லிவிட்டு, தம் புகாரைச் சொல்லத் தொடங்கினார். நான் எழுதிக்கொண்டேன்.

அடுத்த வாரமும் வேறு ஆள் கிடைத்தபாடில்லை. ரஹீம் பாய்க்கு நம்பகமான ஓட்டுநர் அமையவில்லை. பெட்டிகள் கரையில் தேவைப்பட்டன. இளவயதில் அவரும் லாரி ஓட்டியவர்தான். ஒரு நாள் தாமே ஓட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் பிற்பகல் போன் வந்தது. நான்தான் எடுத்தேன்.

"அண்ணன் இல்லியாம்மா? நான் ரஹீம். எளாவூரு தாண்டி வண்டி நின்னுடுச்சி. பாதி டாங்கி டீசல் கீது, ஆனா நுரையா வருதும்மா."

என் பேனா அட்டையின் மேல் அப்படியே நின்றது. மூலத்தைத் தள்ளிவைத்துவிட்டு உரையை மட்டும் படிப்பது எவ்வளவு ஆபத்து என்று வகுப்பில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். இங்கே அண்ணன் படித்தது என் உரையை. மூலம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது நான் அதைக் கழித்துவிட்டேன்.

உள்ளறையின் கதவைத் தட்டினேன். ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை நிறுத்தி அண்ணன் வெளியே வந்தான்.

"ரஹீம் பாய் வண்டி நின்னுடுச்சி. பாதி டாங்கிக்குக் கீழ போனாதான் நிக்குதாம். அதத்தான் தனபாலண்ணன் மொதல் நாளே சொன்னாருண்ணா. நான் எழுதல."

அண்ணன் என்னை ஒரு கணம் பார்த்தான். திட்டுவான் என்று நினைத்தேன். மேசை இழுப்பறையைத் திறந்து அந்தப் பிளாஸ்டிக் குழாயை எடுத்தான்.

"வண்டியில ஏறு. ஒரு கேன் டீசல் எடுத்துக்க," என்றான்.

குழாயில் வந்தது

அண்ணன் ஆறேழு முறை அமுக்கியதும் குழாயில் டீசல் ஏறியது. வெயிலில் வெளிறிய தேன் நிறம். அதன் நடுவே குமிழிகள் வந்தன. முதலில் ஒன்றிரண்டு, பிறகு கோத்த மணிபோல வரிசையாக. அமுக்கிக்கொண்டே இருந்தான். அவையும் வந்துகொண்டே இருந்தன.

"இது டாங்கியிலேர்ந்து வர காத்தா, வழியில ஏறுற காத்தான்னு பாக்கணும்," என்றான். குழாயின் முனையைப் பைப்பிலிருந்து பிடுங்கி, கூட இன்னொரு குழாயை இணைத்து, டாங்கியின் வாய் வழியாக நேரே டீசலுக்குள் விட்டான். மறுபடி அமுக்கினான். இப்போது ஒரு குமிழியும் இல்லை. டீசல் நெளியாமல் நகர்ந்தது.

பிறகு டாங்கியின் மேலிருந்த இணைப்பைக் கழற்றி, உள்ளே டீசலை உறிஞ்சுவதற்காகத் தொங்கும் இரும்புக் குழாயை மெல்ல உருவி வெளியே எடுத்தான். பட்டறைகளில் டாங்கிக்கு உள்ளே இருக்கும் இந்தக் குழாயை யாரும் சட்டென்று சந்தேகப்படுவதில்லை. எப்போதோ யாரோ வேறொரு டாங்கியின் குழாயை இதற்குப் போதவில்லை என்று ஒரு துண்டு சேர்த்துப் பற்றவைத்திருந்தார்கள். பற்றவைத்த இடம் ஏறக்குறைய நடுவில் இருந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"இங்க வா. பத்தவெச்ச எடத்த உள்ளங்கையால சுத்திப் புடி."

பிடித்தேன். அண்ணன் ஒரு முனையைக் கட்டைவிரலால் அடைத்து, மறுமுனையில் வாய் வைத்து ஊதினான். டீசல் படிந்த என் உள்ளங்கையில், ஊசி முனை அளவு இடத்தில், சில்லென்று காற்று பட்டது.

அங்கேதான் துளை. டீசல் அதற்கு மேலே நிற்கும்வரை துளையும் டீசலையே உறிஞ்சும். எஞ்சின் ராஜா மாதிரி ஓடும். மட்டம் துளைக்குக் கீழே இறங்கியதும் காற்றை உறிஞ்சும். கிளம்பும்போது டாங்கியை நிரப்பிவிட்டு, அதே சாலையில், அதே தூரம் போய் வருகிற வண்டி. ஆதலால் மட்டம் எப்போதும் எளாவூர் தாண்டியே பாதிக்கு இறங்கியது. அந்த இடத்தில் கொட்டகை இருந்தது தனபால் அண்ணனின் கெட்ட நேரம்.

ரஹீம் பாய் லாரியில் ஏறினார். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னாலிருந்து ஒரு மூங்கில் குச்சியை எடுத்து வந்தார். டாங்கியில் விட்டு டீசலை அளக்கும் குச்சி. பழைய லாரிகளில் டீசல் அளவு காட்டும் முள் வேலை செய்யாது, குச்சிதான் கணக்கு. அதில் கத்தியால் கீறிய அடையாளங்கள் இருந்தன. முழு டாங்கிக்கு ஒன்று, முக்காலுக்கு ஒன்று, காலுக்கு ஒன்று. நடுவில் மட்டும் பக்கம் பக்கமாக நான்கு மெல்லிய கீறல்கள்.

"வண்டி நிக்கிற ஒவ்வொரு தபாவும் அவன் அளந்து போட்டது போல," என்றார் பாய். "டீக்கடையில இந்தக் கோட்டயும் காட்டித்தான் குமாரு அவனக் கேட்டேன். திருடுனதுக்குக் கணக்கு வெச்சிக்கிறியாடான்னு."

அண்ணன் குழாயையும் குச்சியையும் தரையில் அருகருகே வைத்தான். குழாயின் நுனி டாங்கியின் அடித்தட்டைத் தொடாமல் ஒரு விரல் மேலே நிற்கும். அந்த ஒரு விரலை விட்டு வைத்தான். நான்கு கீறல்களும் பற்றவைத்த இடத்துக்கு நேராக விழுந்தன.

தனபால் அண்ணனின் வீட்டில்

இரும்புக் குழாய்க்குப் பதில் பிளாஸ்டிக் குழாயையே டாங்கிக்குள் விட்டு, கேனிலிருந்த டீசலையும் ஊற்றி வண்டியைக் கிளப்பினோம். இரும்புக் குழாயைப் பிறகு பற்றவைத்துக்கொள்ளலாம். பாய் முதலில் தனபால் வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். வழி தெரியும் என்றாலும், தனியாகப் போக அவருக்குத் துணிச்சல் இல்லை என்று நினைக்கிறேன். எங்களையும் வரச் சொன்னார். எனக்கும் அங்கே ஒரு வேலை இருந்தது.

தனபால் அண்ணன் அப்போதுதான் தொழிற்பேட்டையிலிருந்து திரும்பியிருந்தார். பழைய இரும்பு உருக்கும் ஆலையில் லாரியிலிருந்து இரும்பு இறக்கும் வேலை. புருவம் வரைக்கும் துருப்பொடி. வாசலில் குடத்துத் தண்ணீரில் கை கழுவிக்கொண்டிருந்தவர், எங்களைப் பார்த்ததும் நிமிர்ந்தார். அவர் மனைவிதான் பேசினார்.

"இன்னா பாய், திருடன் ஊட்டுக்கு வந்துக்கிறீங்க? ஊட்டுல டீசல் எதுனா ஒளிச்சி வெச்சிக்கிறோமான்னு பாக்கவா?"

"அப்படிச் சொல்லாதம்மா. தப்பு எம்மேல," என்றார் பாய்.

"தப்புன்னு இங்க வந்து சொல்றீங்க. அன்னைக்கி இங்கயா வந்து கேட்டீங்க?"

"நீ சும்மா இரு," என்று தனபால் அண்ணன் மனைவியை அடக்கினார். அண்ணன் தரையில் குந்தி, அந்த இரும்புக் குழாயைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னான். தனபால் அண்ணன் ஈரக் கையோடு குழாயை வாங்கிப் பற்றவைத்த இடத்தைத் தடவிப் பார்த்தார். வெகுநேரம் தடவினார்.

"வண்டிக்கு நீதான் தனபாலு வரணும். நாளைக்கே வா," என்றார் பாய்.

"வரேன் பாய். ஆனா இவ சொன்னதும் நாயம்தான். கேட்டது டீக்கடையில. இல்லன்றதும் அங்கயே சொல்லிடுங்க. அப்பால சாவியக் குடுங்க."

பாய் தலையசைத்தார்.

நான் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. வாக்கியம் தயாராக இருந்தது. வழியெல்லாம் திருத்தித் திருத்தி அமைத்திருந்தேன். அவர் மனைவி எனக்கும் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தேன். அவ்வளவே.

மறுநாள் காலை

அன்று கல்லூரிக்குப் போகவில்லை. அண்ணனின் பைக்கில் நானும் டீக்கடைக்குப் போனேன். லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. பூரி எண்ணெயின் புகை. பெண் என்று அங்கே நான் ஒருத்திதான். பைக்கை ஒட்டி நின்றுகொண்டேன்.

ரஹீம் பாய் சுற்றி வளைக்கவில்லை. டீயை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "தனபாலு டீசல் எடுக்கல. எடுத்தான்னு இங்கதான் சொன்னேன். நான் சொன்னது தப்பு. டாங்கிக்குள்ள பைப்பு ஓட்ட. என் கையிலயே வண்டி அதே எடத்துல நின்னுச்சி."

சாவியை நீட்டினார். தனபால் அண்ணன் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

யாரும் கைதட்டவில்லை. ஒருவர் பூரியைப் பிய்த்துக்கொண்டே, "எந்தப் பைப்பு? உள்ள தொங்குதே, அதா?" என்று கேட்டார். இன்னொருவர், "அதுல எப்பிடி நைனா ஓட்ட வுழும்?" என்றார். ஐந்து நிமிடத்தில் தனபால் அண்ணனைச் சுற்றி எட்டுப் பேர். ஒரு விரலைக் குழாயாகவும் டீ டம்ளரை டாங்கியாகவும் வைத்து அவர் விளக்கிக்கொண்டிருந்தார். பாதி டீ வரைக்கும் ஓட்டை முழுகியிருக்கிறது; பாதிக்குக் கீழே வெளியே வந்துவிடுகிறது. கேட்டவர்கள் தங்கள் வண்டிகளை நினைத்துக்கொண்டு மோவாயைத் தடவினார்கள்.

கூட்டத்தில் முண்டாசு கட்டிய ஒரு பெரியவர் மட்டும் விடவில்லை.

"அது சரி. ரெண்டு தபா ஒர்க்‌ஷாப்புல வுட்டியே. பாதி டாங்கியில நிக்குதுன்னு அங்க சொல்றதுக்கு இன்னா? வாயில கொழுக்கட்டையா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். இரண்டு வாரத்துக்கு முன்பு இதே இடத்தில் இதே சிரிப்பு எழுந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. தனபால் அண்ணன் பிடரியைச் சொறிந்தார்.

"நான் முனி கினின்னு ஒளறிக்கினு இருந்தேன்பா. ஒழுங்கா சொல்லல போல கீது."

அவர் என் பக்கம் பார்க்கவில்லை. என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னாரா, அப்படித்தான் நடந்தது என்று அவரே நம்பத் தொடங்கிவிட்டாரா, தெரியாது. இரண்டாவதுதான் என்றால் அது இன்னும் மோசம். நான் பைக்கை விட்டு நாலடி முன்னால் போனேன்.

"சொன்னீங்கண்ணே," என்றேன்.

எட்டுப் பேரும் திரும்பினார்கள். இட்லித் தட்டோடு நின்ற கடைக்காரரும் திரும்பினார். என் குரல் எனக்கே உரத்துக் கேட்டது.

"பாதி டாங்கி வரிக்கும் ராஜா மாதிரி ஓடுது, பாதிக்குக் கீழ போனா செத்துடுதுன்னு மொதல் நாளே சொன்னீங்க. ஒர்க்‌ஷாப்புல எழுதுறது நான். நான்தான் எழுதாம வுட்டேன்."

தனபால் அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, முண்டாசுக்காரரின் பக்கம் முழுதாகத் திரும்பினார்.

"பாத்தியா?" என்றார். "நான் சொல்லித்தான் கீறேன்."